மாடி வகுப்பில் ஓர் இடம்

அந்த மையத்தில் அவளுக்குப் பெயர் பொம்மையக்கா. பொம்மை மாதிரி இருப்பாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பீரோவுக்குக் கை கால் முளைத்த மாதிரி இருக்கிறாள் என்று வாசல் வாட்ச்மேன் சொல்வான், அதையும் அவள் காதில் விழும்படியாகவே சொல்வான். அவளும் சும்மா விடமாட்டாள். "பீரோவுக்குள்ள ஏதாவது இருக்கும். காலி டப்பாதான் சத்தம் போடும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விடுவாள்.

பொம்மைகளைக் கழுவுவதுதான் அவள் வேலை. பேசாத பிள்ளைகள், கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைகள், நடக்கப் பிந்திய பிள்ளைகள், ஓரிடத்தில் உட்காராத பிள்ளைகள் என்று பள்ளிக்கூடம் சேரும் வயதுக்கு முன்னால் கொண்டுவந்து காட்டுகிற இடம் அது. ஒவ்வொரு பிள்ளையும் கடித்து, நக்கி, வீசியெறிந்துவிட்டுப் போன சாமான்களைச் சோப்புத் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, அடுத்த பிள்ளைக்காகத் தட்டில் ஒழுங்காக எடுத்து வைக்க வேண்டும். மரக்கட்டைகள், ஒரு பந்து, ஒரு துணிப் பொம்மை, அதற்கு ஒரு கோப்பை, தடித்த அட்டையில் ஒரு படப்புத்தகம். அவ்வளவுதான். அந்தத் தட்டை வைத்துத்தான் பிள்ளைகளின் தலையெழுத்தைப் படித்தார்கள்.

முதலில் காது பார்ப்பார்கள். கேட்காத பிள்ளையை மந்தம் என்று சொல்லிவிடக் கூடாதல்லவா? பிறகு ஒரு சின்ன அறை. தாழ்வான மேசைக்கு இந்தப் பக்கம் பிள்ளை, அந்தப் பக்கம் மேடம். பின்னால் ஒரு நாற்காலியில் அம்மா. மூலையில் தட்டோடு பொம்மையக்கா. கட்டைகளை அடுக்குகிறதா, பொம்மைக்குத் தண்ணீர் கொடுக்கிறதா, படத்தைப் பார்த்துப் பெயர் சொல்கிறதா, பந்தை உருட்டினால் திருப்பி உருட்டுகிறதா என்று மேடம் பார்ப்பார். சரி என்றும் சொல்லமாட்டார், தப்பு என்றும் சொல்லமாட்டார். பூட்டிய கதவு மாதிரி ஒரு முகம். அது முடிந்ததும் பேச்சு டீச்சர் ஒருமுறை பார்ப்பார். படி ஏறச் சொல்வார்கள், ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வார்கள். வீட்டில் எப்படி என்று அம்மாவிடம் துருவித் துருவிக் கேட்பார்கள். கடைசியில் எல்லோரும் கூடி உட்கார்ந்து முடிவு சொல்வார்கள்.

முடிவு மூன்று விதம். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, மற்ற பிள்ளைகள் போகிற பள்ளிக்கே அனுப்புங்கள் என்பது ஒன்று. மையத்துக்கு மேலேயே நடக்கிற மாடி வகுப்பு என்பது இரண்டாவது. மூன்றாவது, ஊரின் மறுகோடியில் இருக்கும் மஞ்சள் கட்டடம்.

மாடி வகுப்புக்குத்தான் அத்தனை தாய்மாரும் தவம் கிடந்தார்கள். கொஞ்சம் பிள்ளைகள், இரண்டு டீச்சர், தினமும் பேச்சுப் பயிற்சி. வாயே திறக்காமல் படியேறிப் போன பிள்ளைகள், வருஷக் கடைசியில் "பொம்மையக்கா, என் செருப்பு எங்க?" என்று அதட்டிக்கொண்டு இறங்கி வந்ததை அவள் தன் காதால் கேட்டிருக்கிறாள். மஞ்சள் கட்டடத்தில் சொல்லிக் கொடுப்பதில்லை, பார்த்துக்கொள்வார்கள். காலையில் உட்கார வைத்த பிள்ளையைச் சாயங்காலம் அதே இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு வரலாம் என்று பெற்றவர்களே சொல்லி அழுவார்கள்.

இப்படி அடுத்தவர் பிள்ளைகளின் கதையைத் தட்டில் ஏந்திக்கொண்டு நின்றவளின் வீட்டிலேயே ஒரு கதை வளர்ந்துகொண்டிருந்தது.

அவளுக்குப் பிள்ளை இல்லை. அதற்காகத்தான் புகுந்த வீட்டில் ஒரு பெட்டியைக் கையில் கொடுத்து வாசலைக் காட்டினார்கள். தங்கை வீட்டுக்கு வந்தாள். தங்கைக்குச் சலவை நிலையத்தில் இஸ்திரி போடும் வேலை. தங்கை கணவர் லாரி டிரைவர், மாதத்தில் பாதி நாள் சாலையில்தான் இருப்பார். அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை நாள் நிறையாமல், முந்திக்கொண்டு பிறந்தது. கையளவு கூட இல்லை. "ஒரு பொட்டு மாதிரி இருக்காளே" என்று பெரியம்மாக்காரிதான் முதலில் சொன்னாள். பொட்டு என்பதே பேராகிவிட்டது. தங்கை வேலைக்குத் திரும்பியதும் அந்தப் பொட்டை நெஞ்சுச் சூட்டில் வைத்து உயிர் பிடித்து வளர்த்தவள் இவள். பெற்றவளிடம் போகாத பிள்ளை, பெரியம்மாவின் காலடிச் சத்தம் கேட்டால் விழுந்தடித்து ஓடிவரும்.

ஆனால் பிள்ளை பேசவில்லை. நான்கு வயது தாண்டியும் நாலு வார்த்தை தேறவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சுவரைக் கூப்பிட்ட மாதிரிதான். பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கிவிட்டு அதன் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். யாராவது ஒரு மூடியை நகர்த்தினால் வீடு இரண்டுபடும். அதே பிள்ளை, மனசு வந்தால், துணிப் பொம்மையின் வாயில் கோப்பையை வைத்துத் தண்ணீர் கொடுக்கும். "தா" என்னும். "பந்து" என்னும். "பூனை" என்பதை அதன் அப்பா சொல்லிக் கொடுத்தார். ஊரிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் நாலு காலில் நின்று மியாவ் என்று கத்துவார். பொட்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, "பூனை" என்னும். அந்த ஒரு வார்த்தைக்காக அந்த மனிதர் ராத்திரி பகலாக லாரி ஓட்டுவார்.

மையத்தில் காட்டலாம் என்று தங்கைதான் ஆரம்பித்தாள். பொம்மையக்கா நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். காரணம் இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எலக்ட்ரீஷியன் ஒருவரின் மகனைக் கொண்டுவந்தார்கள். அவனும் பொட்டு மாதிரிதான், அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. கட்டையை அடுக்கினான், சில படங்களுக்குப் பெயர் சொன்னான். தேறிய பிள்ளை, தேறாத பிள்ளை என்று பிரிக்கிற கோட்டுக்கு இந்தப் பக்கம் மயிரிழையில் வந்துவிட்டான். மாடி வகுப்பு வேண்டாம், சாதாரணப் பள்ளிக்கே அனுப்புங்கள் என்று முடிவானது. தாயும் தகப்பனும் மேடத்தைக் கும்பிட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். சேர்த்த பள்ளி ஒரே பருவத்தில் துரத்தியது. அடுத்த பள்ளியும் துரத்தியது. போன மழைக்காலத்தில் பொம்மையக்கா ஒரு கடைத்தெருவில் அவனைப் பார்த்தாள். தாய் காய்கறி விற்றுக்கொண்டிருந்தாள். பையன் இடுப்பில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனை மேசைக் காலில். தாய் இவளை அடையாளம் கண்டு, தலையைக் குனிந்துகொண்டு தராசைத் துடைத்தாள்.

அன்றிலிருந்து பொட்டின் இடுப்பைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கயிறுதான் தெரிந்தது.

பேச்சு டீச்சரிடம் ஒருநாள் யாரோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கேட்பதுபோல் கேட்டாள். நாலு வார்த்தை பேசுகிற, பொம்மைக்குத் தண்ணி கொடுக்கிற பிள்ளைக்கு மாடியில் இடம் கிடைக்குமா? டீச்சர் நல்லவர்தான். காய்ந்த கட்டைகளை எண்ணிக்கொண்டே சொன்னார், "கஷ்டம்க்கா. ஒரு வார்த்தைகூட இல்லாத பிள்ளைங்களே வரிசையில நிக்குது."

அந்த நிமிஷத்தில் பொம்மையக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். மற்றவர்கள் தங்கள் பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்று காட்டச் சொல்லிக் கொடுத்துக் கூட்டிவருவார்கள். அதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அவள் தலைகீழாகச் செய்யப் போனாள். தெரிந்ததைத் தெரியாது என்று காட்டப் பொட்டுக்குச் சொல்லிக் கொடுக்கப் போனாள். எல்லாவற்றையும் அல்ல. அப்படிச் செய்தால் மஞ்சள் கட்டடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். கட்டை அடுக்கட்டும், படி ஏறட்டும். பொம்மைக்குத் தண்ணீர் வேண்டாம், படத்துக்குப் பெயர் வேண்டாம், பந்தைத் திருப்பி உருட்ட வேண்டாம். உப்பை அளந்து போடுகிற கை மாதிரி, எவ்வளவு தெரிய வேண்டும் எவ்வளவு தெரியக் கூடாது என்று அவள் அளந்து வைத்தாள்.

ஐந்து வயது முடிந்தால் மாடி வகுப்பின் கதவு மூடிவிடும். பொட்டுக்கு அதற்குச் சில மாதங்களே இருந்தன.

மையத்தில் கழித்துப் போட்ட ஒற்றைக் கண் பொம்மையும், முனை மடங்கிய படப்புத்தகமும் வீட்டுக்கு வந்தன. சமையலறைத் தரையில் பாடம் ஆரம்பித்தது. முதலில் அது விளையாட்டாகத்தான் இருந்தது. பொட்டு கோப்பையை எடுக்கப் போனால் பெரியம்மா கோப்பையை ஒளித்துவிடுவாள். பூனைப் படத்தைப் பார்த்து வாயைத் திறந்தால் பெரியம்மாவின் உள்ளங்கை வந்து வாயை மூடும். பொட்டு அந்தக் கைக்குள்ளேயே சிரித்தது. ஒளித்ததைத் தேடி எடுத்தது. மூடிய கைக்குள்ளிருந்து "பூனை, பூனை" என்று இன்னும் சத்தமாகச் சொன்னது. வாழ்க்கையில் அது அவ்வளவு பேசியதே இல்லை.

அந்தப் பேச்சைக் கேட்டு எந்தப் பெரியம்மாவும் வாரி அணைத்திருப்பாள். இவள் புறங்கையில் ஒன்று வைத்தாள்.

லேசாகத்தான். பிள்ளை விழித்தது. மறுபடி கை நீட்டியது. இன்னொன்று. இந்த முறை லேசாக இல்லை.

தங்கை ஈரக் கையோடு ஓடிவந்தாள். "என்னக்கா பண்ற? தெரிஞ்சத சொன்னதுக்கா அடிக்கிற?"

"கொஞ்ச நாள்தான்டி. இடம் கிடைச்சுட்டா அங்க ஆயிரம் வார்த்தை சொல்லித் தருவாங்க. இந்த ஒத்த வார்த்தைய வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?"

"அவ அப்பா கேட்டா?"

"அவருக்கு எதுக்குச் சொல்லணும்? இடத்த வாங்கிட்டுச் சொல்லுவோம்."

தங்கை எதிர்த்துப் பேசத் தெரியாதவள். அதுவும் மையத்து விஷயத்தில் அக்கா சொல்வதுதான் வேதம். அவளுக்கும் பாடம் நடந்தது. மேடம் என்ன கேட்டாலும் ஆமாம் என்று சொல்ல வேண்டும். அடம் பிடிப்பாளா, ஆமாம். தூங்கமாட்டாளா, ஆமாம். தாங்க முடியவில்லையா, ஆமாம். இல்லை என்று ஒரு முறை வாய் தவறினாலும் இடம் போச்சு என்று அக்கா மிரட்டி வைத்திருந்தாள்.

தினமும் வேலை முடிந்து வந்ததும் சமையலறையில் அந்தச் சத்தம் கேட்கும். சளீர் என்று ஒன்று, பிறகு பிள்ளையின் விசும்பல். பெரியம்மா அடித்த கையாலேயே கண்ணைத் துடைத்துவிட்டு, பிஸ்கட் கொடுத்து, மறுபடியும் படத்தை விரிப்பாள். அவளும் அழுதுகொண்டேதான் அடித்தாள். அழுதால் அடி மெத்தென்று விழுமா என்ன? பொட்டின் புறங்கை சிவந்து, தடித்து, பிறகு ஒரு நிறமாகவே நிலைத்துவிட்டது. கடைசி வாரத்தில் ஒரு புதுமை நடந்தது. கோப்பையை நோக்கிப் போன தன் இடது கையைப் பொட்டு தன் வலது கையாலேயே அடித்துக்கொண்டது. பெரியம்மாவின் வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. அடித்துவிட்டு அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தது, சரிதானே என்பதுபோல்.

பொம்மையக்காவுக்கு நிம்மதிப் பெருமூச்சு வந்தது. பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டாள்.

பரிசோதனை நாள் வந்தது. அது தன் தங்கை மகள் என்று அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. எப்போதும்போலத் தட்டோடு மூலையில் நின்றாள். தங்கை பின் நாற்காலியில் கர்சீப்பைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பொட்டு கட்டைகளைப் பார்த்தது, பெரியம்மாவைப் பார்த்தது. கட்டைகளை அடுக்கியது. எல்லாம் திட்டப்படி. பொம்மையக்கா முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

மேடம் துணிப் பொம்மையையும் கோப்பையையும் மேசையில் வைத்தார். பொட்டின் கை தானாக எழுந்தது. அடுத்த கணம் மறு கை வந்து அதை அடித்தது. அறை முழுக்கக் கேட்டது. மேடத்தின் பேனா நின்றது. படப்புத்தகம் விரிந்தது. பூனையைக் கண்டதும் பிள்ளையின் உதடு குவிந்தது. சத்தம் வருமுன்னே, சளீர், சளீர். பந்து வந்தது. மறுபடியும். இந்த முறை நிறுத்தவில்லை. மேடம் மேசையைச் சுற்றி வந்து இரண்டு கையையும் பிடிக்க வேண்டியிருந்தது. சிவந்த புறங்கையைத் திருப்பிப் பார்த்தார். தழும்பேறியிருந்தது.

"வீட்லயும் இப்படித் தன்னையே அடிச்சுக்குவாளா?"

தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்கா குனிந்து கையிலிருந்த தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கைக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு பதில்தான்.

"ஆமா மேடம்."

"அடிக்கடியா?"

"ஆமா மேடம்."

"ரொம்ப நாளாவா?"

"ஆமா மேடம்."

பார்க்கிற கண் பொம்மையையும் படத்தையும் மட்டும் பார்ப்பதில்லை, கையையும் பார்க்கும் என்பது இத்தனை வருஷம் அந்த மூலையில் நின்றவளுக்குத் தோன்றாமல் போனது. கோட்டுக்குக் கீழே பிள்ளையை மெல்ல இறக்கிவிட நினைத்தாள். அதலபாதாளத்தில் தள்ளிவிட்டாள்.

எல்லோரும் கூடி உட்கார்ந்து முடிவு சொன்னார்கள். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிற பிள்ளைக்குக் கூடவே ஓர் ஆள் வேண்டும், மாடியில் அதற்கு ஆள் இல்லை, மஞ்சள் கட்டடத்தில்தான் பார்த்துக்கொள்ள வசதி என்றார்கள். மேடம் தங்கைக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கொண்டுவந்து கொடுத்தவள் பொம்மையக்காதான். தங்கை தம்ளரை வாங்கவில்லை.

அன்று மாலை லாரி தெருமுனையில் வந்து நின்றது. டிரைவருக்கு எதுவும் தெரியாது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கம்போல் நாலு காலில் நின்று மியாவ் என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தார். பொட்டு அவரைப் பார்த்தது. உதடு குவிந்தது. சளீர். அவர் சிரித்துக்கொண்டே மறுபடி மியாவ் என்றார். சளீர், சளீர்.

அவர் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. முழங்காலில் நின்றபடியே பிள்ளையின் கையை எடுத்துப் பார்த்தார். பிறகு இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். மேடத்துக்கு வந்த சந்தேகம் வேறு. பெற்றவனுக்கு வந்தது வேறு.

"யாரு இவள அடிச்சது?"

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. யாரும் அணைக்கப் போகவில்லை.

"அண்ணி, ஒங்களத்தான் கேக்குறேன்."

சொன்னாள். கயிறு கட்டிய பையனிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கையை ஓங்கவில்லை, கத்தவுமில்லை. கேட்டு முடித்துவிட்டு, "எம்பிள்ளைக்கு இருந்ததே ஒரு வார்த்தை அண்ணி" என்று மட்டும் சொன்னார். அன்றே லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை மேடத்தின் அறைக்குப் போய்ப் பொம்மையக்கா நின்றாள். இவள் என் தங்கை பிள்ளை, வீட்டில் எல்லாம் செய்வாள் மேடம், பேசுவாள் மேடம் என்று ஆரம்பித்தாள். வருகிற பெற்றோர் எல்லோரும் சொல்கிற பேச்சு அது. டீ குடிக்கும்போது அவர்களைப்போல் பேசிக் காட்டிச் சிரிப்பு மூட்டியவளே இவள்தான். மேடம் பாதியில் கையமர்த்தப் போனார். அடிச்சுப் பழக்குனது நான்தான் என்ற இடத்தில் கை கீழே இறங்கியது.

"எம்பிள்ளைக்குத் தெரியும் தெரியும்னு சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வர்றவங்கள நிறையப் பாத்திருக்கேன். தெரியாதுன்னு அடிச்சுச் சொல்லிக் குடுத்த ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்றார். பிறகு, "ஏன்க்கா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? எலக்ட்ரீஷியன் பையனுக்கு நடந்தது தெரிஞ்சப்புறம் நாங்க போன மாசம் கூடி உக்காந்து கோட்டையே மாத்திட்டோம். பொம்மைக்குத் தண்ணி குடுத்து, நாலு வார்த்தை பேசியிருந்தாலும் இவளுக்கு இடம் கிடைச்சிருக்கும்."

அந்தப் பையனுக்குப் பிறகு எல்லாம் மாறியிருக்கிறது. மூலையில் தட்டேந்தி நின்றவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் என்று யாருக்கும் தோன்றவில்லை. பேச்சு டீச்சரிடம் ஒருமுறை கேட்டதோடு சரி, அவளும் தனக்கு எல்லாம் தெரியும் என்று அதற்குப் பிறகு யாரிடமும் கேட்கவில்லை.

ஒரு வழி இருக்கிறது என்றார் மேடம். அதே பொம்மை, அதே படத்தை வைத்து மறுபடி இப்போது பார்க்க முடியாது, பார்த்தாலும் செல்லாது. ஆனால் ஒரு காலைப்பொழுது மாடி வகுப்பில் மற்ற பிள்ளைகளோடு விட்டுப் பார்க்கலாம். அங்கே ஏதாவது ஒன்றைத் தானாகச் செய்தால், ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றவர்களிடம் தானே பேசிக்கொள்வேன் என்றார். பொம்மையக்காவுக்கு வேலை இனி இல்லை. ஆனால் அன்றைக்கு மட்டும் வர வேண்டும், பிள்ளையின் கண்ணில் படாமல், வெளியிலிருந்து மட்டும் உள்ளே தெரிகிற வகுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்க வேண்டும். எதற்குப் பயப்படுகிறது என்று பார்த்துச் சொல்ல அவளைவிட்டால் ஆள் இல்லை.

மாடி வகுப்பில் வெயில் நிறைந்திருந்தது. மணல் தொட்டி, மர ரயில், வாளியில் தண்ணீர். பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் தம்பாட்டுக்கு இருந்தார்கள். தங்கை பொட்டைக் கதவருகே விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பொம்மையக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எடு கண்ணு, எதையாவது எடு என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

பொட்டு ரயிலைப் பார்த்தது. ஆசை கண்ணில் அப்படியே தெரிந்தது. தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டது. டீச்சர் பந்தை உருட்டினார். பந்து வந்து முழங்காலில் முட்டி நின்றது. பொட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தது. கை வெளியே வரவில்லை. பிஸ்கட் நீட்டினார்கள். எச்சில் ஊறி மோவாயில் வழிந்தது. கை வரவில்லை.

பிறகு ஒரு குட்டிப் பையன், பொட்டைவிடச் சின்னவன், தவழ்ந்து வந்து அந்தப் பந்தை எடுக்கக் கையை நீட்டினான். தொடைக்கு அடியிலிருந்த கை அப்போதுதான் வெளியே வந்தது. சளீர் என்று அவன் புறங்கையில் ஒன்று வைத்தது. அவன் வீறிட்டான். பொட்டு அவன் கண்ணைத் தன் உள்ளங்கையால் துடைத்தது. பிறகு பந்தை அவன் பக்கம் நகர்த்தி, அவன் எடுப்பதற்காகக் காத்திருந்து, மறுபடியும் அடித்தது.

பெரியம்மா எப்படி அடித்தாளோ அதே பாங்கு. அதே துடைப்பு. எதையும் கற்றுக்கொள்ளாத பிள்ளை என்று ஊர் சொன்ன பிள்ளை, ஒன்றை மட்டும் ஒரு பிசிறு இல்லாமல் கற்றுக்கொண்டிருந்தது.

டீச்சர் ஓடிவந்து பையனைத் தூக்கிக்கொண்டார். மேடம் கண்ணாடிப் பக்கம் திரும்பவே இல்லை. இனி அவர் யாரிடமும் பேசுவதற்கு எதுவும் இருக்கவில்லை. தன்னை அடித்துக்கொள்கிற பிள்ளைக்காவது இரக்கம் உண்டு. அடுத்த பிள்ளையை அடிக்கிற பிள்ளைக்கு அந்த மாடியில் இடமே கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் தங்கை ஒரு பெட்டியை எடுத்து, அக்காவின் துணிகளை மடித்து வைத்தாள். இஸ்திரி போடுகிறவளின் மடிப்பு, ஒரு சுருக்கம் இல்லை. அக்காவுக்கு அது இரண்டாவது பெட்டி. முதல் பெட்டியைக் கொடுத்தவர்கள் திட்டிக்கொண்டே கொடுத்தார்கள். இவள் திட்டவில்லை.

"எனக்கு ஒன்னும் தெரியாதுக்கா. நீ சொன்னதுக்கெல்லாம் ஆமான்னு சொன்னேன். எம்பிள்ளைய வித்துட்டு வந்த மாதிரி இருக்கு." பெட்டியைப் பூட்டினாள். "இனிமே அவளத் தொடாத. அதுக்கும் ஆமான்னு சொல்லிட்டுப் போ."

பொம்மையக்கா தலையை ஆட்டினாள். பொட்டு வாசலில் பாட்டில் மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தது. பெரியம்மா பெட்டியோடு தாண்டிப் போனபோது அது நிமிரவில்லை. காலடிச் சத்தத்துக்குக் கைகள் மட்டும் மடிக்குள் போயின.

மஞ்சள் கட்டடத்தில் வேலைக்கு ஆள் தங்குவதில்லை. கடிபடும், அடிபடும், நாற்றம் தாங்காது என்று வருகிறவர்கள் எல்லாம் ஓடிவிடுவார்கள். அதனால் அவள் போய்க் கேட்டதும் எந்தக் கேள்வியும் இல்லாமல் எடுத்துக்கொண்டார்கள். காலையில் தங்கை பஸ்ஸில் பிள்ளையைக் கொண்டுவந்து முன்வாசலில் விடுவாள். அதற்கு வெகு முன்பே பொம்மையக்கா பின்வாசல் வழியாக உள்ளே போய்விடுவாள். தொடாதே என்று சொன்னவளுக்கு ஆமாம் என்று சொன்னது நினைவில்லாமல் இல்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் பிள்ளைகளுக்குக் கை கழுவி விடுவதுதான் அங்கே அவள் வேலை. குழாயடியில் வரிசையாக நிறுத்துவார்கள். ஒரு பிள்ளை தண்ணீரைக் கண்டு கத்தும், ஒன்று சோப்பைத் தின்னப் பார்க்கும், ஒன்று அவள் முடியைப் பிடித்து இழுக்கும். நடுவில் பொட்டு வரும். யாரும் சொல்லாமலே கையை நீட்டும். கழுவ நீட்டுகிற பிள்ளைகள் உள்ளங்கையைக் காட்டுவார்கள். பொட்டு புறங்கையைக் காட்டும். கண்ணை இறுக மூடிக்கொண்டு, தோளை ஒடுக்கிக்கொண்டு நிற்கும்.

பொம்மையக்கா அந்தக் கையைத் திருப்பி, சோப்புப் போட்டு, தண்ணீர் விட்டு, துண்டால் ஒற்றி எடுப்பாள். அப்போதும் பிள்ளை கண்ணைத் திறக்காது. அடி இன்னும் வரவில்லை என்று நின்றுகொண்டேயிருக்கும். பின்னால் வரிசை தள்ளும். "போ கண்ணு, முடிஞ்சுது" என்று அவள் சொல்வாள். அந்தக் குரலைக் கேட்டதும் பொட்டு மறு கையையும் நீட்டும்.